சமாதானத்தைத் திருப்பிக் கொடுத்தவள்

அரவா சந்தையில் பாக்கு விற்கிறவர்கள்தான் எங்கள் தீவின் செய்தி நிறுவனம். காலை ஏழு மணிக்கு ஒரு சங்கதி அங்கே போய்ச் சேர்ந்தால், எட்டரைக்குள் அது குட்டி போட்டு, பேரன் பேத்தி எடுத்துவிடும். ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போய் நின்றபோது சூடாக இருந்த செய்தி இது: மலைமேல் மொரோனாய் என்ற ஊரில் ஒரு பெண்பிள்ளை சமாதானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"திருப்பிக் குடுத்தாளா? யார்கிட்ட?"

"கமிட்டிகிட்டதான். சட்டை அளவு சரியில்லைன்னு கடையில திருப்பிக் குடுக்கற மாதிரி குடுத்துட்டாளாம்."

"கமிட்டி வாங்கிக்கிச்சா?"

"ரசீது இருக்கான்னு கேட்டாங்களாம்."

அடுத்த மேஜைக்குப் போனேன். அங்கே அவள் சமாதான விருந்துக்கு வெட்டிய மூன்று பன்றிகளையும் உயிரோடு திருப்பிக் கேட்டிருந்தாள். அதற்கடுத்த மேஜையில், சமாதானத்துக்காக நட்ட கல்லைப் பிடுங்கி ஆற்றில் எறிந்திருந்தாள். கடைசி மேஜையில் அவள் கட்டிலுக்கடியில் துப்பாக்கி இருந்தது. சந்தை இன்னும் நீளமாக இருந்திருந்தால் பீரங்கியே வந்திருக்கும்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் நவம்பரில் வோட்டு. தனி நாடாகப் போகிறோமா இல்லையா என்று புகன்வில் முழுவதும் சொல்லப்போகிற வோட்டு. அதற்குள் ஒவ்வோர் ஊரும் தன் பழைய பகையைத் தீர்த்து, 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பது மேலிடத்து யோசனை. எங்களுடைய சண்டை பத்து வருஷம்தான் நடந்தது. சமாதானம் இருபது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. பன்றிச் செலவும் அதற்குத்தான் அதிகம். இந்த நேரத்தில் ஒருத்தி, அதுவும் நிலத்துக்கு உரிமைக்காரி, 'முடியவில்லை' என்று சொன்னால் விளையாட்டில்லை. எங்களிடம் நிலம் தாய்வழியில்தான் இறங்கும். ஆண்கள் மேடையில் பேசுவதோடு சரி.

உண்மை என்னவென்று பார்த்துவிடலாம் என்று வண்டி ஏறினேன்.

மொரோனாய்க்குப் போகிற பாதை பாதித் தூரம் மண், மீதித் தூரம் மேகம். லேண்ட் குரூசரின் பின்பக்கம் ஓர் அரிசி மூட்டைக்கும் ஒரு பெட்டைக் கோழிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வளைவுக்கு மேல் கோழி தெரியவில்லை. அதன் முனகல் மட்டும் கேட்டது. மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள்ளிருந்து வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போயின. வண்டி நகர்கிறதா, மலை எங்களைத் தாண்டிப் போகிறதா என்று சொல்ல முடியாத வேளை. ஓட்டுநர் ஹாரனை அடிக்கவில்லை. எதிரே யாராவது வந்தால் அவர்களுடைய கனவு கலைந்துவிடும் என்பதுபோல மெதுவாகப் போனார்.

ஊரில் முதலில் கிடைத்தவர் சமாதானக் கமிட்டித் தலைவர் அலோசியஸ். கமிட்டியின் நீல பனியன் போட்டிருந்தார். முன்பக்கம் புறா, முதுகில் உதவி செய்தவர்களின் முத்திரைகள். முதுகில் இடம் போதாமல் இரண்டு முத்திரைகள் கைப்பக்கம் வந்திருந்தன.

"சமாதானம் நல்லாத்தான் இருக்கு தம்பி. லேசா ஜலதோஷம், அவ்வளவுதான்" என்றார்.

"அந்தம்மா திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"எப்படிக் குடுக்க முடியும்? மூணு பன்னி. மூணையும் தின்னாச்சு. அந்தம்மாவும்தான் தின்னுச்சு. தொடைக்கறி. நானே இலையில வச்சேன். தின்ன சமாதானத்தை எப்படித் திருப்பறது, நீங்களே சொல்லுங்க. நீங்க எழுதறவரு."

அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். இறந்தவர்: சிப்பிரியான். வருஷம்: 1993. பொறுப்பேற்றவர்: பிளாசியுஸ். பன்றி கொடுத்தாயிற்றா, வில் அம்பு ஒடித்தாயிற்றா, ஒரே சுண்ணாம்புக் குடுக்கையிலிருந்து பாக்கு மென்றாயிற்றா, கல் நட்டாயிற்றா, எலும்பு வீடு திரும்பிற்றா. எல்லாவற்றுக்கும் நேரே 'ஆம்' போட்டிருந்தது. ஏப்ரல் மாதத் தேதி.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"அதான் நானும் சொல்றேன். ஆனா ஜூன்ல சிப்பிரியானோட அக்கா பெர்பெத்துவா சொல்லி அனுப்புச்சு. அந்த எலும்பு என் தம்பியோடது இல்லை, நான் குடுத்த சமாதானம் செல்லாதுன்னு."

"எப்படித் தெரியுமாம்?"

அலோசியஸ் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கனவு."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நானும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்களில் கனவு என்பது தபால் மாதிரி. சில சமயம் தாமதமாக வரும், சில சமயம் வேறு வீட்டுக்குப் போகும், ஆனால் யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. அதிலும் பெர்பெத்துவாவின் கனவுக்கு நல்ல பெயர். உபதேசியாருடைய காணாமற்போன பன்றி எந்தப் பள்ளத்தில் கிடக்கிறது என்று கண்டு சொன்னாள். மேற்குச் சரிவு இடிந்து விழுவதை இரண்டு நாள் முன்னாலேயே கண்டாள். ஒரே ஒரு முறை பிசகியது. ஆயர் வருகிறார் என்று கண்டாள். ஊரே பாட்டுப் பழகி, கொக்கோ உலர்த்துகிற களத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கி நின்றது. கொசுமருந்து அடிக்கிறவர் வந்து இறங்கினார். அவரும் வெள்ளை உடுப்புதான் போட்டிருந்தார் என்பதால் ஊர் அதையும் பாதிச் சரி என்று கணக்கில் சேர்த்துக்கொண்டது.

"அந்தம்மா சொல்லி அனுப்பின நாள்லேருந்து பிளாசியுஸ் கீழே இறங்கறதில்லை" என்றார் அலோசியஸ். "ரோட்டுக்கு வரணும்னா அந்தம்மா முற்றத்து வழியாத்தான் வரணும். இப்போ கொக்கோ மூட்டையைத் தூக்கிக்கிட்டு மலைமுதுகு வழியா மூணு மணி நேரம் சுத்திப் போறான். ரெண்டு பக்கத்துப் பசங்களும் முறைக்க ஆரம்பிச்சாச்சு. நான் என்னத்தை எழுதி அனுப்ப?"

*

பெர்பெத்துவாவுக்கு ஐம்பத்தாறு வயது. நான் போனபோது வீட்டுக்கடியில், தூண்களுக்கு நடுவே, தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எங்கள் வீடுகள் தூணின்மேல் நிற்பதால் வீட்டுக்கடிதான் கூடம், சமையல்கட்டு, நீதிமன்றம் எல்லாம். துப்பாக்கி இருக்கிறதா என்று கண்ணை ஓட்டினேன். ஒரு மண்வெட்டி, இரண்டு கத்தி, கழுத்து உடைந்த ஒரு கிடார், அவ்வளவுதான்.

"என்னத்தைத் தேடறே? கட்டிலுக்கடியில பார்க்கணுமா? கட்டிலே கிடையாது" என்றாள். சந்தைச் செய்தி எனக்கு முன்னாலேயே மலையேறிவிட்டிருந்தது.

"கல்லைப் பிடுங்கி எறிஞ்சுட்டீங்களாமே அக்கா?"

"நாலு ஆம்பளைங்க சேர்ந்து நட்ட கல்லு. நான் ஒருத்தி பிடுங்கறேன்னா, அவங்க நட்ட லட்சணம் எப்படி இருக்கும்! அங்கேயேதான் இருக்கு, போய்ப் பாரு. கோழி உட்கார்ந்திருக்கும்."

கோழி உட்கார்ந்திருந்தது.

அவளுடைய வாழ்க்கையை அவள் சொன்ன வரிசையில் சொல்வதென்றால் தூக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சின்ன வயதில் அவளை எழுப்பவே முடியாதாம். கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் பூகோள வகுப்பில் தூங்கியதால் இன்றுவரை அவளுக்கு உலகத்தில் மூன்று கண்டங்கள்தான். சிப்பிரியான் அவளுக்கு ஆறு வருஷம் இளையவன். அம்மா தோட்டத்துக்குப் போகும்போது அவனை இவள் வயிற்றின்மேல் போட்டுவிட்டுப் போவாள். இரண்டு பேரும் மழை நிற்கும்வரை தூங்குவார்கள்.

பிறகு சண்டை வந்தது. மலைக்குள் துப்பாக்கியோடு போனவர்கள் ஒரு பக்கம். அரசாங்க ராணுவத்தோடு நின்ற எங்கள் ஆட்களே மறுபக்கம். நடுவில் கிழங்கு தோண்டிச் சாப்பிட்டவர்கள் எந்தப் பக்கமென்று இரண்டு பேரும் வந்து கேட்டார்கள். கேட்டவன் கையில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்துப் பதில் மாறியது. அந்தப் பத்து வருஷமும் பெர்பெத்துவா உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள், காட்டில், மரத்தில் முதுகு சாய்த்து, காலில் செருப்போடு. செருப்பு அறுந்தபிறகு செருப்பில்லாமல். உப்புக்காகக் கடல்தண்ணீரைக் காய்ச்சி மூங்கில் குழாயில் கொண்டுவந்தாள். தேங்காயெண்ணெயில் விளக்கு, சாம்பலில் சோப்பு என்று எல்லாம் செய்தாள். மணந்தவன் காய்ச்சலில் போனான். ராணுவம் கப்பல்களை மறித்திருந்ததால் மருந்து கடலுக்கு அந்தப் பக்கமே இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் ஒரு மத்தியானம் சிப்பிரியான் சேப்பங்கிழங்கு நாற்று வாங்கித் தவேராய் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தான். ராணுவத்தோடு நின்ற பையன்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். நாற்றுக் கட்டை மட்டும் யாரோ பாதையோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அவள் அதைக் கொண்டுவந்து நட்டாள். இன்றும் அந்தப் பாத்தியிலிருந்துதான் தோண்டுகிறாள்.

பிடித்துக்கொண்டு போனவர்களில் உயிரோடு மிச்சமிருப்பவன் பிளாசியுஸ் மட்டும். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. அவன் அப்பா பெர்பெத்துவாவின் குலத்துக்காரர். அந்த வழியில் இவள் அவனுக்கு அத்தை, சிப்பிரியான் சித்தப்பா. எங்கள் சண்டையில் அந்நியரைச் சுட்டவர்கள் குறைவு.

"சரி, கனவைச் சொல்லுங்க" என்றேன்.

அவள் துருவலை நிறுத்தவில்லை. "ஜூன் மாசம். சாப்பிட்டுட்டு, மழை பிடிச்சதும் படுத்தேன். நல்லா மல்லாந்துதான் படுத்தேன். ஏப்ரலுக்கப்புறம் அப்படித்தான் படுக்கறது. அவன் முற்றத்து ஓரத்துல வந்து நிக்கறான். அதே வயசு. சொட்டச்சொட்ட நனைஞ்சிருக்கான். உள்ளே வாடாங்கறேன், வரலை. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, 'அக்கா, யாரோ என் பாயில படுத்திருக்கான்'ங்கறான்."

தேங்காய் மூடி தீர்ந்துவிட்டது. அவள் அடுத்ததை எடுக்கவில்லை.

"அதட்டலாக்கூடச் சொல்லலை தம்பி. வீட்டுக்கு வந்து இடமில்லாம நிக்கற பிள்ளை சொல்ற மாதிரி சொன்னான்."

வீட்டுக்குப் பின்னால், சிவப்பு இலைக் குரோட்டன் வேலிக்குள், ஏப்ரலில் புதைத்த இடம் இருந்தது. சிலுவையில் சிப்பிரியான் என்று எழுதியிருந்ததன்மேல் அவள் ஒரு வாழையிலையைக் கட்டி மறைத்திருந்தாள். இலை காய்ந்தால் மாற்றுகிறாள் போலிருக்கிறது, பச்சையாக இருந்தது. மண்மேட்டில் புல் இல்லை. பக்கத்தில் ஓர் அவித்த கிழங்கு.

"இவன் என்ன பண்ணுவான் பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றாள். "விருந்தாளியை வெளியே போன்னு சொல்ல முடியுமா? என் தம்பி எங்கே இருக்கான்னு தெரியணும். அவ்வளவுதான். பன்னியும் வேணாம், கல்லும் வேணாம். அதைப் பிளாசியுஸே வந்து தன் வாயால சொல்லட்டும். நீ மேலே போறியா?"

"நானா?"

"கமிட்டி போனா கோப்போட போகும். நீ சும்மா போறவன்தானே."

*

நாற்பத்திரண்டு வருஷத்தில் என்னைப்பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. மறுநாள் காலை ஏறினேன்.

பிளாசியுஸ் கொக்கோக் காய்களை உடைத்துக் கொட்டைகளை வாழையிலைக்குக் கீழே மூடிவைத்துக்கொண்டிருந்தான். நாற்பத்து மூன்று வயதுக்கு அதிகம் நரைத்த தலை. புளிக்கிற கொக்கோவின் இனிப்பும் கள்வாடையும் அந்த இடம் முழுக்க நின்றது. செய்தியைச் சொன்னேன். அவன் ஒரு காயை எடுத்தான், கத்தியை ஓங்கினான், உடைக்காமல் கீழே வைத்தான்.

"அத்தை கோவமா இருக்கா?"

"தேங்காய் துருவிக்கிட்டு இருக்காங்க."

"அப்போ கோவம்தான்" என்றான். "கோவம் இல்லைன்னா வேற யாரையாவது துருவச் சொல்லும்."

எனக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தான். மேகம் எங்கள் முழங்கால்வரை வந்து, யோசித்து, திரும்பிப் போனது. நான் இறங்க ஆரம்பித்தபோது பின்னால் காலடி கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்தால் நின்றுவிடுவான் என்று தோன்றியது.

பெர்பெத்துவா சுண்ணாம்புக் குடுக்கையை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வருவான் என்று தெரிந்து வைத்தாளா, தினமும் அப்படித்தான் வைக்கிறாளா, கேட்கவில்லை. பாக்கு, வெற்றிலைக்குப் பதில் நாங்கள் மெல்லுகிற வெற்றிலைக்காய், குடுக்கை. ஒருவருடைய குடுக்கையிலிருந்து இன்னொருவர் சுண்ணாம்பு எடுப்பது எங்களிடம் சின்ன நம்பிக்கை இல்லை. விஷம் வைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. பிளாசியுஸ் தலை குனிந்து உட்கார்ந்து, குச்சியை விட்டுச் சுண்ணாம்பு எடுத்து நாக்கில் வைத்தான். மழை தொடங்கியது. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர்த் திரை விழுந்து, நாங்கள் மூன்று பேரும் ஓர் அருவிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதுபோல ஆனது.

"எனக்குத் தெரியாதுன்னுதான் முதல்ல சொன்னேன், அத்தை" என்றான் பிளாசியுஸ். "கமிட்டி கேட்கலை. எலும்பு இல்லாம கல்லு நட முடியாது, கல்லு நடாம முடிஞ்சதுன்னு எழுத முடியாதுன்னாங்க. பன்னியை வாங்கி நாலு வாரமா பள்ளிக்கூட மைதானத்துல கட்டிப் போட்டிருந்துச்சு. தினம் ஒருத்தன் வந்து, 'பன்னி இளைச்சுட்டே போகுது பிளாசியுஸ், இடத்தைக் காட்டு'ங்கறான். சாமியாருக்கு அந்தச் சனிக்கிழமைதான் தோதுப்பட்டுச்சு. ஈரப்பலா மரத்தடியில யாரோ ஒருத்தரைப் புதைச்சது எனக்குத் தெரியும். யாருன்னு தெரியாது. கையை நீட்டிட்டேன்."

"அவன் எங்கேடா?"

பிளாசியுஸ் வெளியே துப்பினான். சிவப்பு மழைநீரில் கலந்து ஓடியதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆத்துல."

அவள் கை குடுக்கையின்மேல் இருந்தது. அசையவில்லை.

"அன்னிக்கு ஆறு பெருகியிருந்துச்சு. அக்கரையில கமாண்டர்கிட்டக் கொண்டுபோகச் சொன்னாங்க. முன்னால நாலு பேரு கையைக் கோத்துக்கிட்டுப் போறாங்க. நான் கடைசி. சித்தப்பாவைக் கட்டின கயிறு என் கையில. பாதி ஆத்துல தண்ணி நெஞ்சுக்கு வந்துச்சு. சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தாரு. நான் கயித்தை விட்டேன்."

"தெரிஞ்சு விட்டியா, தெரியாம விட்டியா?"

"இருபத்தாறு வருஷமா அதைத்தான் நானும் கேட்டுட்டிருக்கேன், அத்தை. நீந்தித் தப்பிச்சுப் போகட்டும்னு விட்டேனா, விடலைன்னா நானும் போயிடுவேன்னு விட்டேனா. ஒரு நாள் அப்படித் தோணும், ஒரு நாள் இப்படித் தோணும். தப்பிக்க விட்டேன்னு சொன்னா யாரு நம்புவா? நானே முழுசா நம்பலை."

"நீந்தினானா?"

"தலை ரெண்டு தடவை தெரிஞ்சுது. மூணாவது தடவை தெரிஞ்சது தலையா, கட்டையான்னு தெரியலை."

மழைக்குள் கோழி ஒன்று வழிதவறி உள்ளே வந்து, எங்களைப் பார்த்து, வெளியே போகவும் மனமில்லாமல் தூணோரம் நின்றது. பெர்பெத்துவா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியை எடுப்பாளோ என்றும், மறைப்பானேன், ஒரு கணம் நினைத்தேன். அவள் வெற்றிலைக்காயை முனையில் கடித்து, நிதானமாகச் சுண்ணாம்பில் தோய்த்தாள்.

"பல்லு இருந்துச்சு" என்றாள்.

"என்ன அத்தை?"

"அந்த மண்டையோட்டுல. மேல முன்பல்லு ரெண்டும் முத்து மாதிரி இருந்துச்சு. சிப்பிரியானுக்கு ஏது முன்பல்லு? பன்னெண்டு வயசுல தேங்காய் உரிக்கிற கம்பில விழுந்து ரெண்டும் போச்சே. துணியில சுத்திக் கையில குடுத்தாங்க பாரு, அப்பவே பார்த்துட்டேன்."

பிளாசியுஸுக்கு வாய் திறந்தபடி இருந்தது. எனக்கும்தான்.

"தெரிஞ்சுக்கிட்டேவா அத்தை, அன்னிக்கு அப்படி அழுதீங்க?"

"அழுகை நிஜம்தான்டா. எலும்புதான் மாறிப்போச்சு." அவள் மடியிலிருந்த தேங்காய்த் துகளைத் தட்டிவிட்டாள். "எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க. பன்னி வெந்துட்டிருக்கு. சாமியார் கண்ணைத் துடைச்சுக்கறாரு. நீ மண்ணுல விழுந்து கிடக்கறே. நான் போய், 'இது இல்லை'ன்னு எப்படிச் சொல்றது? எனக்கும் முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. யாரா இருந்தா என்ன, புதைச்சுட்டு நீட்டிப் படுப்போம்னு நினைச்சேன். ரெண்டு மாசம் படுக்கவும் படுத்தேன். நீ பொய்யைக் குடுத்தே. நான் தெரிஞ்சே வாங்கிக்கிட்டேன்."

"அப்போ அந்தக் கனவு?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

அவள் என்னைப் பார்த்தாள். "வந்துச்சு. வராம இருந்தா வர வச்சிருப்பேன்."

எங்கள் ஊரில் அத்தை முறைக்காரி மருமகனை எல்லோர் முன்பும் பொய்யன் என்று சொன்னால் அது அடுத்த சண்டை. தான் பொய்க்கு உடன்பட்டேன் என்று சொல்வதும் எளிதில்லை. கனவு வந்தது என்று மட்டும் சொல்லலாம். அதற்கு யாரும் யார்மேலும் கோபித்துக்கொள்ள முடியாது. இது என் கணக்கு. அவள் கணக்கு வேறாக இருக்கலாம். சொட்டச்சொட்ட நனைந்து வந்து நின்றான் என்று என்னிடம் சொன்னபோது ஆற்றைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மழைக்காலத்தில் யார் வந்தாலும் நனைந்துதான் வருவார்கள் என்றும் சொல்லிக்கொள்ளலாம். இரண்டையும் எழுதிவிட்டேன்.

மழை விட்டதும் மூன்று பேரும் ஆற்றுக்கு இறங்கினோம். தவேராய் அப்போது பெருகியிருக்கவில்லை. கற்களுக்கு நடுவே பழுப்பாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நீர்ப்பரப்பிலிருந்து ஆவி எழுந்து, எது ஆறு எது காற்று என்று பிரிக்க விடவில்லை. பிளாசியுஸ் ஓர் இடத்தில் நின்று கையை நீட்டினான். இந்தத் தடவை அத்தையின் முகத்தைப் பார்த்தபடிதான் நீட்டினான். ஏப்ரலில் தரையைத்தான் பார்த்தான் என்று பெர்பெத்துவா பிற்பாடு சொன்னாள்.

அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள்.

"சில்லுன்னு இருக்கு" என்றாள். "அவனுக்குச் சில்லுன்னா ஆகாது."

அப்புறம்தான் அழுதாள். பிளாசியுஸ் இரண்டு கல் தள்ளி உட்கார்ந்து அழுதான். யாரும் யாரையும் தொடவில்லை. கடைசியில் அவள் எழுந்து, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், ஆறு போகிற திசையைப் பார்த்துத் தம்பி பெயரை ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். ஆறு அதை எடுத்துக்கொண்டு வளைவில் திரும்பியது. நாங்கள் ஏறி வந்துவிட்டோம்.

மறுநாள் காலை நான் வண்டிக்குக் காத்திருந்தபோது பிளாசியுஸ் கொக்கோ மூட்டையைத் தோளில் வைத்து, அவள் முற்றத்து வழியாக வந்தான். பெர்பெத்துவா தலையைத் தூக்காமலே, "மூட்டை ஒழுகுதுடா. வழியெல்லாம் கொட்டிக்கிட்டுப் போறே. இப்படிச் சிந்தினா உன் பொண்டாட்டி என்னத்தைச் சாப்பிடுவா?" என்று திட்டினாள். அவன், "தைக்கிறேன் அத்தை" என்றான். இரண்டு பக்கத்துப் பையன்களும் இதை மூலைக்கொருவராக நின்று கேட்டுவிட்டு, முறைப்பதற்கு ஒன்றுமில்லாமல் கால்பந்து ஆடப் போனார்கள். மேடையோ, ஒலிபெருக்கியோ, மேலிடத்திலிருந்து வந்தவர்களோ இல்லை. நான் பார்த்த சமாதானங்களில் திட்டில் தொடங்கியது இது ஒன்றுதான்.

அலோசியஸுக்குத்தான் சங்கடம். கோப்பை விரித்து, பேனாவைத் திறந்து, கடைசிக் கேள்வியில் வந்து நின்றார். 'எலும்பு வீடு திரும்பிற்றா? ஆம். இல்லை.' மூன்றாவது கட்டம் கிடையாது. ஆற்றுக்கு இடம் விடவில்லை.

"என்ன எழுதப்போறீங்க தலைவரே?"

"ஆம்னே இருக்கட்டும். எலும்பு வந்துச்சா, வந்துச்சு. யாரோட எலும்புன்னு ஃபாரத்துல கேட்கலையே!"

அரசாங்கத்தின் சமாதானமும் அப்படித்தான் முடிந்தது. அதைக் கிண்டல் செய்யத்தான் கை வருகிறது. ஆனால் அந்த 'ஆம்' இருப்பதால்தான் மொரோனாய்க்குள் துப்பாக்கி தேடி ஒருவரும் வரவில்லை; பையன்கள் கால்பந்து ஆட முடிந்தது. அதனால் பாதிக் கிண்டலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நவம்பரில் வோட்டுப் போட வரிசையில் நின்றபோது பெர்பெத்துவாவை மறுபடி பார்த்தேன். நன்றாகத் தூங்குகிறாளாம். தம்பி வருவதில்லை. ஆனால் அந்த விருந்தாளி ஒரு நாள் மத்தியானம் கனவில் வந்து, பாயில் எழுந்து உட்கார்ந்து, வெகுநேரம் பேசினானாம்.

"என்ன சொன்னான்?"

"யாருக்குத் தெரியும்? அவன் பாஷை எனக்குப் புரியலை. நம்ம பக்கத்து ஆளே இல்லை. வடக்கா, தெற்கா, கடலுக்கு அந்தப் பக்கமா, ஒண்ணும் பிடிபடலை. மரியாதையான பிள்ளை. கையைக் கட்டிக்கிட்டுப் பேசினான். நானும் தலையை ஆட்டிக்கிட்டிருந்தேன்."

அவனை அவள் இடம் மாற்றப்போவதில்லை. சிலுவையில் பெயரைச் சுரண்டிவிட்டாள். வேறு பெயர் எழுதவில்லை. மேல் முன்பற்கள் இரண்டும் இருந்தன. இடது கை எலும்பு ஒரு காலத்தில் முறிந்து, கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. இவ்வளவுதான் அவனைப்பற்றித் தெரியும். எழுதிவிடு என்றாள், எழுதிவிட்டேன்.

வரிசை நகர்ந்தபோது அவள் இன்னொன்றும் சொன்னாள். வேறு குலத்துக்காரரை நம் மண்ணில் அடக்கம் செய்தால், அவருடைய குலம் நமக்கு ஒரு பன்றி தர வேண்டும். பெரிய பன்றி வேண்டாம், நடுத்தரம் போதும். யார் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வாள். ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தால் கூட உட்கார்ந்து அழவும் செய்வாள். பன்றிக்கு ஆசைப்பட்டுச் சொல்லவில்லை என்று அவள் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

எங்கேயோ ஒரு குலம் மொரோனாய் பெர்பெத்துவாவுக்கு ஒரு பன்றி கடன்பட்டிருக்கிறது. அவர்களுக்கு அது இன்னும் தெரியாது.